இரண்டாவது தட்டல்

அண்ணை,

இன்று பின்னேரம் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றேன். ஹீற்றர் காற்று வருகிற துவாரத்துக்குள்ளால், கீழே உங்கள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிங். கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் டிங். என் கை தானாக நின்றுவிட்டது. அடுத்ததாக நீங்கள் கதிரையைப் பின்னால் தள்ளுகிற சத்தம் வரவேண்டும். பிறகு படியடியில் வந்து நின்று, "பிள்ளை, கேட்டதோ?" என்று கேட்கவேண்டும். ஒன்றும் வரவில்லை. ஹீற்றர் மட்டும் உறுமிக்கொண்டு கிடந்தது.

உங்கள் கணினியை நான் இன்னும் நிறுத்தவில்லை. என் மனிசன் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தார். "ஆளில்லாத அறையிலை உது ஏன் ஓடிக்கொண்டு கிடக்குது?" என்றார். நான் முறைத்த முறைப்பில் எழும்பிப் போய்விட்டார். வேலையிடத்தில் எல்லோருக்கும் புது வருடப் பயம். இரண்டாயிரம் பிறந்தவுடன் கணினிகள் எல்லாம் செத்துப்போகும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நாள் முழுக்கத் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காது, பயப்படாதீர்கள் என்று, கணினிப் பழுதுக்கு உதவி கேட்டு எடுக்கிற முகம் தெரியாத சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவளின் வீட்டில் நடக்கவேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இனி எது செத்தால் என்ன?

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் திருப்பி எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்ல முடியாது. மனிசனிடம் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார், அது இன்னும் மோசம்.

இரண்டு ரிங் விட்டு வைக்கிறது இந்த ஊரில் எங்கள் சனத்துக்கு ஒரு பாஷை மாதிரி. விருந்துக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவார்கள்: போய்ச் சேர்ந்துவிட்டோம். சப்வே வாசலில் நிற்கிற பொதுத் தொலைபேசியிலிருந்து இரண்டு ரிங்: வந்து ஏற்றிக்கொண்டு போ. போட்ட காசும் திரும்பி விழும். ஒரே சட்டம், யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் காசும் போச்சு, மானமும் போச்சு. நீங்கள் அந்தச் சட்டத்தை எங்களைவிட இறுக்கமாகப் பிடித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தால் கையை உயர்த்திப் பிடிப்பீர்கள். சோற்றுக் கவளத்தோடு நாங்கள் எல்லோரும் அப்படியே உறைந்து இருப்போம். மூன்றாவது ரிங் வந்தால்தான் கை இறங்கும். மூன்றாவது ரிங் அடிக்கிறவன் அநேகமாகக் கம்பளம் கழுவித் தருகிறோம் என்று சொல்லுகிற விற்பனைக்காரனாகத்தான் இருப்பான்.

சின்னவன் பாங்கொக்கில் நின்ற மாதங்களில் அந்த இரண்டு ரிங் ஞாயிறு தவறாமல் வந்தது. எங்கள் மூவரிலும் கடைசி அவன். இங்கே வருவதற்காக, களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு அங்கே ஒரு அறையில் மற்றப் பெடியளோடு முடங்கிக் கிடந்தான். பிறகு தெருமுனையில் ஒரு இணையக் கடையைக் கண்டுபிடித்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பத் தொடங்கினான். அதற்காகத்தான் நீங்கள் அந்தக் கணினியை வாங்கினீர்கள். பிறம்ரன் வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிற விரல்களால், ஒரு விரலாக ஊன்றி ஊன்றி, "சாப்பிட்டியோ" என்று அடிப்பீர்கள். பெயர் வைக்கச் சொல்லிக் கணினி கேட்டபோது "சின்னவன்" என்று வைத்தீர்கள். நான் சிரித்தேன். "சிரிக்காதை. அவன்ரை பேரிலை இருந்தால்தான் அவனுக்கு வந்து சேர லேசு" என்றீர்கள்.

அவன் கடைசியாக எழுதியது எனக்கு மனப்பாடம். "நாளைக்கு எங்களை ஏத்தினம். எங்கையெண்டு சொல்லினமில்லை. போய்ச் சேர்ந்து ரெண்டு ரிங் விடுவன் அண்ணை."

ரிங் வரவில்லை. பல மாதம் கழித்து, கூடப் போன ஒரு பெடியன் பிரான்சிலிருந்து கதைத்தான். எல்லை தாண்டுகிற காட்டுக்குள் சின்னவனுக்குக் காய்ச்சல். நடக்க முடியவில்லை. ஒரு குடிசையில் படுக்கவிட்டு, அடுத்த குறூப்போடு கூட்டி வருகிறோம் என்று சொல்லிவிட்டு மற்றவர்களைக் கொண்டுபோனார்களாம். அடுத்த குறூப் வந்தது. அதில் அவன் இல்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசியும் இல்லை. பெடியன் அழுதான். நீங்கள் அவனுக்கு ஆறுதல் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருக்கவில்லை.

அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. கொழும்பில் சித்தி வீட்டிலிருந்து கதைத்தபோது சொன்னா: "கனவிலை வந்து தண்ணி தண்ணி எண்டு கேக்கிறான். ஆர் அவனுக்குக் குடுக்கிறது? மூத்தவன் நீதான் செய்யவேணும். அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடு ராசா, பிள்ளை அலையுது." நீங்கள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தீர்கள். பிறகு, "ரெண்டு ரிங் வரவேணும், இல்லாட்டி உடம்பு வரவேணும் அம்மா. ரெண்டும் வராமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையில் அதைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிறு, நீங்கள் படியடியில் நின்று கத்தினீர்கள். "பிள்ளை, கெதியா வா. இது வாயைத் திறந்து திறந்து மூடுது." வந்து பார்த்தால் கணினியின் சீடி தட்டு தானாக வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றீர்கள். பேய் என்று நினைத்தீர்களா, உளவுக்காரர் என்று நினைத்தீர்களா, இன்னும் எனக்குத் தெரியாது. எனக்கு அது புதிதில்லை. வேலையில் இப்படி முறைப்பாடு வந்துகொண்டுதான் இருந்தது. எங்கேயோ இருக்கிற விடலைகள் இணையத்துக்குள்ளால் மற்றவர்களின் கணினிக்குள் நுழைந்து செய்கிற சேட்டை. எப்போதும் இணையத்தில் தொடுத்தபடி கிடக்கிற கணினி அவர்களுக்கு நல்ல வேட்டை. "உங்கடை வீடு நாள் முழுக்கத் திறந்து கிடக்குது. அதுதான் கண்டவனும் வாறான்" என்றேன்.

அதற்காகத்தான் கண்டவனும் நுழையாமல் காவல் நிற்கிற ஃபயர்வோல் போட்டேன். போட முதல் சோதித்துக் காட்டினேன். இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அது வெளியிலிருந்து எங்கள் கணினியின் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்கும். எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். போர்ட் ஸ்கேன் என்பார்கள். அழுத்தினேன். ஒரு வாசல் அகலத் திறந்து கிடந்தது. அதற்குக் கீழே, "உங்கள் கணினியின் பெயர் சின்னவன்" என்று எழுதி வந்தது.

உங்கள் முகம் போன போக்கு! "இவனுக்கு எப்பிடியடி தெரியும்?" என்றீர்கள். வாசல் திறந்திருந்தால் பெயர்ப் பலகையும் தெரியும்தானே என்றேன். ஃபயர்வோலைப் போட்டுவிட்டுத் திரும்பவும் அழுத்தினேன். இந்த முறை எல்லா வாசலுக்கும் ஒரே பதில்: இங்கே ஒரு கணினி இருப்பதாகவே தெரியவில்லை. என் வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்குத் திருப்தி. நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "இப்ப அவன்ரை பேரும் தெரியாதோ?"

"தெரியாது."

"பேந்து அவன் எப்பிடி என்னைக் கண்டுபிடிக்கிறது?"

கடிதம் வேறு வழியால் வரும், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். நீங்கள் தலையாட்டினால் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

பிறகுதான் அந்த டிங் தொடங்கியது. வெளியிலிருந்து யாராவது தட்டினால் ஃபயர்வோல் தடுத்துவிட்டு ஒரு சத்தம் போட்டு, எந்த முகவரியிலிருந்து தட்டினார்கள் என்று காட்டும். முதல் கிழமையே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். "பிள்ளை, ரெண்டு தரம் அடிக்குது. ரெண்டு தரம் அடிச்சுப்போட்டு நிக்குது."

"அதுக்கு?"

"ரெண்டு ரிங்."

நான் சிரிக்கவில்லை. அன்று அந்த முகவரியைத் தேடிப் பார்க்கச் சொல்லி நின்றீர்கள். தேடிப் பார்த்தேன். எங்கெங்கோ இருந்தெல்லாம் தட்டுகிறார்கள், கொரியா, கலிபோர்னியா, பிரேசில். அன்றைக்கென்று பார்த்து அது தாய்லாந்து. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரம் அந்த யோசனையே வரவில்லை. "தாய்லாந்து" என்றேன். நீங்கள் கட்டிலில் போய் இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டீர்கள்.

அதோடு அம்மாவின் கதை எடுபடாமல் போயிற்று. "அவன் ரெண்டு ரிங் விடுறான், உங்களுக்கென்ன விசரோ, உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் அந்தியேட்டி செய்யிறது?" என்று அவவிடமே சத்தம் போட்டீர்கள். அம்மா அழுதா. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டு கீழே வந்தேன். "வாங்கோ, உதுக்கு ஒரு முடிவு கட்டுவம்" என்று அந்தச் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். பொத்தானை அழுத்தினேன். டிங், டிங். அடுத்த வாசல். டிங், டிங். அடுத்தது. டிங், டிங். அறை முழுக்கக் கோயில் மணி மாதிரி அடித்தது.

"பாத்தியளோ? இது நாங்களே கூப்பிட்டுத் தட்டச் சொன்னது. இதுவும் ரெண்டு. ஆர் தட்டினாலும் ரெண்டுதான். நாங்கள் ஒளிச்சிருக்கிறபடியால் பதில் போகாது. பதில் வராட்டில், தட்டினது வழியிலை துலைஞ்சுபோச்சாக்கும் எண்டு நினைச்சு அந்தப் பக்கத்து மெசின் இன்னொருக்காத் தட்டும். அவ்வளவுதான் அண்ணை. பூட்டியிருக்கு எண்டொரு பதில் குடுத்தால் ஒருக்காத் தட்டிப்போட்டுப் போயிடும்."

நீங்கள் ரோல்ஸைத் தொடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னீர்கள். "அப்ப நான் பதில் குடுக்காதபடியால்தான் அவன் ரெண்டாந்தரமும் தட்டிப் பாத்திட்டுப் போறான்."

என் கையிலிருந்த ஆதாரத்தை வாங்கி உங்கள் பக்கத்துக்கு வைத்துக்கொண்டீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்களோடை கதைக்கிறதும் சுவரோடை கதைக்கிறதும் ஒண்டு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அடுத்த நாளே நீங்கள் ஃபயர்வோலை நிறுத்திவிட்டீர்கள். டிங் சத்தம் கேட்கவில்லை என்று நான் கேட்டபோது, "பதில் குடுப்பம் எண்டு திறந்து விட்டிருக்கிறன்" என்றீர்கள். யார் வந்தாலும் சொல்கிறவனையே நிறுத்திவிட்டால் எப்படிச் சத்தம் வரும்? அதைச் சொன்னேன். நீங்கள் தோளைக் குலுக்கினீர்கள். நாட்கள் போயின. அறையில் சத்தமே இல்லை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அந்தக் கதிரையில் போய் இருப்பீர்கள். நான் பேச்சை விட்டுவிட்டேன்.

பிறகு அந்தப் பின்னேரம். உடுப்புக் கழுவுகிற மெசினுக்காகக் கீழே வந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்திப் பிடித்தீர்கள், தொலைபேசி அடிக்கும்போது பிடிக்கிற அதே மாதிரி. திரையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் யாரோ "ஹலோ" என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் ஒரு விரலால் அடித்திருந்தீர்கள்: "சின்னவனோ?" கீழே பதில், ஆங்கிலத்தில்: "ஆம்."

பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சேட்டைக்காரர்கள் சீடி தட்டைத் திறக்கிறது மாதிரி, திரையில் எழுதிக் கதைக்கவும் செய்வார்கள். "சின்னவன்" என்பது திறந்த வாசலில் மாட்டியிருக்கிற பெயர்ப் பலகை. வழியில் போகிற எவனும் அதை வாசித்திருப்பான். உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. "எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கட்டோ?" என்று என்னிடம் குசுகுசுத்தீர்கள், அவனுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"வேண்டாம். அம்மா சின்னனிலை அவனை என்னெண்டு கூப்பிடுறவ எண்டு கேளுங்கோ" என்றேன்.

அடித்தீர்கள். எவ்வளவு நேரம் எடுத்தது அந்த ஒரு வரியை அடிக்க! பதில் உடனே வந்தது. சிரிப்புத்தான், எழுத்தில். ஒரு வரி நிறையச் சிரிப்பு. பிறகு சீடி தட்டு வெளியே வந்து உள்ளே போனது, வெளியே வந்து உள்ளே போனது. நான் பாய்ந்து போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

நீங்கள் என்னை ஏசுவீர்கள் என்று நினைத்தேன். ஏசவில்லை. பிடுங்கிய வயரை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டி மேசையில் வைத்தீர்கள். "ஓம் எண்டு சொன்னானே, பிள்ளை" என்றீர்கள்.

அந்தப் பெடியன் யார், எந்த நாட்டில் எந்த அறையில் இருந்து சிரித்தான், எனக்குத் தெரியாது. தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்று எழுதாமல் விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். அவன் எழுதிய அந்த ஒரு "ஆம்" தான் எங்கள் குடும்பத்துக்கு இந்த இணையம் தந்த ஒரே பதில்.

அதற்குப் பிறகு நீங்களே ஃபயர்வோலைத் திரும்பவும் போட்டீர்கள். என்னைக் கேட்காமல் நீங்களே அந்தச் சோதனைப் பக்கத்துக்குப் போய், எல்லா வாசலும் ஒளிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டீர்கள். டிங் டிங் திரும்பத் தொடங்கியது. ஆனால் "கேட்டதோ?" என்று கேட்கிறதை விட்டுவிட்டீர்கள். கதிரையைத் தள்ளிப் படியடி வரைக்கும் வருவீர்கள். கொஞ்சம் நிற்பீர்கள். திரும்பிப் போவீர்கள். அம்மாவின் அழைப்பு வந்த ஒரு நாள் நான் கடைசியாகக் கேட்டேன், இனியாவது செய்வோமா என்று. "அது அவனில்லை. சரி, ஒத்துக்கொள்ளுறன். அதுக்காக அவனே இல்லையெண்டு ஆகுமோ?" என்றீர்கள். மெலிந்துபோயிருந்தீர்கள். பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னாலும் நீங்கள் டொக்ரரிடம் போயிருக்கப்போவதில்லை.

மரங்கள் சிவந்து கொட்டுகிற நாட்களில் ஒரு காலை வெயர்ஹவுஸில் பெட்டிகளுக்கு நடுவே இருந்தபடியே சாய்ந்தீர்களாம். நெஞ்சு. தொலைபேசி அடித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்திலேயே நின்றேன். பழக்கம் விடவில்லை, இரண்டு ரிங் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது அடித்தது. கம்பளக்காரனாக இருக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஆசைப்பட்டேன்.

உங்கள் அந்தியேட்டியைக் கோயிலில் செய்தோம். பிள்ளை குட்டி இல்லாத உங்களுக்கு என் மனிசன் மச்சான் முறையில் தர்ப்பை போட்டுக்கொண்டு இருந்தார். அம்மா முதல் நாளே கதைத்துவிட்டா. "அவனுக்குச் செய்யேக்கை சின்னவனுக்கும் சேர்த்துச் செய்துவிடடி பிள்ளை. இனித் தடுக்க ஆளில்லை." ஐயருக்கும் சொல்லி வைத்திருந்தோம். அவர் உங்கள் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைப்பித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இளையவரின்ரை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

எனக்கு அவன் நட்சத்திரம் தெரியும். வாயைத் திறந்தேன். அவன் இல்லை என்று இந்த வீட்டில் முதலில் அறிந்தவள் நான். ஒவ்வொரு டிங்குக்கும் கணக்குச் சொல்லி உங்களோடு சண்டை பிடித்தவள் நான். அந்த ஐயருக்கு முன்னால், எள்ளும் தண்ணீரும் தயாராக இருக்க, அவன் பெயரைச் சொல்ல என்னால் முடியவில்லை. மனிசன் திரும்பிப் பார்த்தார். "இல்லை, ஐயா. ஒராளுக்கு மட்டும்" என்றேன்.

அம்மாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணைக்கு அது விருப்பமில்லை அம்மா" என்றேன். செத்த ஆளின் மேலே பழியைப் போட்டேன். அவ தொலைபேசியை வைத்துவிட்டா. இன்னும் சின்னவன் அம்மாவின் கனவில் வந்து தண்ணி கேட்கிறான் என்று சித்தி சொல்கிறா. உங்களைக் கனவில் காணவில்லையாம். உங்களுக்குக் கொடுத்தாயிற்று, நீங்கள் வரமாட்டீர்கள்.

அண்ணை, எனக்கு நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. அதை நீங்கள் தெளிவாக அறிய வேண்டும். சின்னவன் அந்தக் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. கீழே தட்டுகிறவை மெசின்கள். பதில் கிடைக்காததால் இரண்டாம் முறை தட்டுகின்றன. ஆனாலும் முதல் டிங் கேட்டால் என் கை நின்றுவிடுகிறது. இரண்டாவது வரும்வரைக்கும் மூச்சு விடுகிறேனோ தெரியாது. வந்தபிறகு கீழே போய், எந்த முகவரி என்று பார்க்கலாம். ஒரு நாளும் போகவில்லை. இரண்டு ரிங் வந்தால் எடுக்கக்கூடாது என்பது நீங்கள் இறுக்கிப் பிடித்த சட்டம்.

இன்றும் போகவில்லை. வெங்காயத்தை அரிந்து முடித்தேன்.